மதாம் கிளிக்கோ: குடும்பத் தொழிலை மீட்டெடுத்த கைம்பெண்



ஜூபிலி மலர் என்றால் அதில் புனிதர்களின் சரிதையும், மறைபரப்பிய குருக்களின் உழைப்பும், கோயில் எழுப்பிய முன்னோரின் கொடையும் இடம்பெறுவது வழக்கம். அவற்றை எழுதத் தகுதியுடையோர் எழுதுவர். நாம் எடுத்துக்கொண்டது வேறு ஒரு பொருள். வியாபாரக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு, 27 வயதில் கணவரை இழந்து, மூடப்படவிருந்த குடும்பத் தொழிலைத் தம் கையில் எடுத்து, அதை உலகறியச் செய்த ஒரு பெண்மணியின் வரலாறு இது. அவர் பீடத்தில் ஏற்றப்பட்டவர் அல்லர். ஆயினும் நம் பங்கிலுள்ள குடும்பங்கள் அவர் வாழ்விலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு என்பதாலேயே எழுதத் துணிந்தோம்.

பிரான்சோடு உறவுள்ள நம் புதுவைக் குடும்பங்கள் பலவற்றில் அவர் பெயர் தெரிந்த பெயர்தான். மஞ்சள் சீட்டு ஒட்டிய ஷாம்பேன் புட்டியில் வெவ் கிளிக்கோ பொன்சார்தேன் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டவர்கள் நம்மில் உண்டு. வெவ் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குக் கைம்பெண் என்பது பொருள். கைம்பெண் எதிரே வந்தாலே சகுனப் பிழை என்று ஒதுங்கியவர்கள் வாழ்ந்த ஊர் நம்முடையது. கல்யாணப் பந்தலில் அவர்களைத் தூண் மறைவில் உட்காரவைத்த வழக்கமும் நம்முடையதே. அங்கேயோ, கைம்பெண் என்ற சொல்லையே பெயராகத் தாங்கிய புட்டியைத் திருமண விருந்தில் திறக்கிறார்கள். இந்த விந்தை எப்படி நேர்ந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

மதுவைப் பற்றிக் கோயில் மலரில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அது நியாயமே. குடியால் கெட்ட குடும்பங்களைத் தேடி நாம் தொலைவு போக வேண்டியதில்லை. குடிப்பதை உயர்த்திப் பேச நாம் இதை எழுதவில்லை. கானாவூர்த் திருமணத்தில் நம் ஆண்டவர் செய்த முதல் அற்புதத்தையும், நாள்தோறும் பலிபீடத்தில் உயர்த்தப்படும் கிண்ணத்தையும் நினைத்தால், திராட்சைக் கொடியும் அதனை நம்பிப் பிழைக்கும் உழைப்பாளரும் திருச்சபைக்கு அந்நியர் அல்லர் என்பது விளங்கும். திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயல்பாக எடுத்ததாயும் கெடாததாயும் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அவ்வளவு கவனத்தோடு கையாளப்படும் ஒரு பொருளை வளர்ப்பதும் காப்பதும் ஒரு தொழில். அத்தொழிலில் தலைநிமிர்ந்து நின்ற பெண்ணைப் பற்றியதே இக்கட்டுரை.

பிறந்த ஊர்

நம் ஊரில் துய்மா வீதியில் உள்ள கப்ஸ் கோயில் எனப்படும் சம்மனசுகளின் இராக்கினி ஆலயத்துக்கு எதிரே, சிறு தோட்டத்தில் ழான் தார்க் அம்மையாரின் சிலை நிற்கிறது. அப்புனிதை படை நடத்திச் சென்று, 1429ஆம் ஆண்டில் தம் அரசருக்கு முடிசூட்டுவித்த நகரம் ரேம்ஸ். பிரான்சின் வடகிழக்கே ஷாம்பாஞ் என்னும் பகுதியில் அது உள்ளது. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் புனித ரெமிஜியுஸ் ஆயர், குளோவிஸ் மன்னனுக்கு ஞானஸ்நானம் அளித்ததும் அங்கேதான். பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய பேராலயம் அங்கே இன்றும் நிற்கிறது. நகரைச் சுற்றிலும் சுண்ணாம்பு மண். அம்மண்ணில் திராட்சை செழிக்கும்; அதைக் குடைந்து எடுத்த நிலவறைகள் கோடையிலும் குளிர்ச்சி மாறாதவை. அங்கே செய்யப்படும் பொங்கும் திராட்சை இரசத்துக்கு அப்பகுதியின் பெயரே பெயராயிற்று. அதனையே நாம் ஷாம்பேன் என்கிறோம்.

இந்த ரேம்ஸ் நகரில் 1777ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் பார்ப்-நிக்கோல் பொன்சார்தேன் பிறந்தார். தந்தையார் நிக்கோலா பொன்சார்தேன் அந்நகரின் பெரிய துணி உற்பத்தியாளர்களுள் ஒருவர். பிற்காலத்தில் நகரின் மேயராகவும் இருந்தவர். நெசவும் துணி வியாபாரமும் நம் புதுவைக்குப் பழக்கமானவை அல்லவா? அத்தகைய வீட்டில் கணக்குப் புத்தகங்களின் நடுவே அவர் வளர்ந்தார்.

புரட்சிக் காலம்

அவருக்கு 11 வயது நடக்கும்போது, 1789இல், பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. கன்னியர் மடங்கள் மூடப்பட்டன. கோயில் மணிகள் இறக்கப்பட்டன. பிரமாணம் செய்ய மறுத்த குருக்கள் நாடு கடத்தப்பட்டனர், பலர் உயிரிழந்தனர். 1793இல் ரேம்ஸ் நகரில், மன்னர்களுக்கு அபிஷேகம் செய்த திருத்தைலச் சிமிழைப் பொது இடத்தில் உடைத்தார்கள். அவ்வூரில் அரச குலப் பெண்கள் பயின்ற கன்னியர் மடத்துப் பள்ளியில் பார்ப்-நிக்கோல் படித்துக்கொண்டிருந்ததாகவும், கலவரம் மூண்டபோது தையற்காரப் பெண் ஒருத்தி அவருக்கு ஏழைச் சிறுமியின் உடையும் மரக்காலணியும் அணிவித்துத் தெருக்கள் வழியே கூட்டிச்சென்று காப்பாற்றியதாகவும் அக்குடும்பத்தில் வழிவழியாகச் சொல்வர்.

அதே தலைமுறையில், பிரான்சின் புர்கோஞ் பகுதியில் 1779இல் பிறந்த மற்றொரு பெண்ணை இங்கே நினைக்க வேண்டும். அவர் குளூனி புனித சூசையப்பர் சபையை நிறுவிய அன்னை ஆன்-மரி ழவூவே. அவரும் சிறுமியாயிருந்த காலத்தில் தலைமறைவாயிருந்த குருக்களுக்குத் துணைநின்றவர். அவருடைய கன்னியர் 1827இல் புதுவைக்கு வந்து கல்வி கொடுத்ததையும் கைத்தொழில் கற்பித்ததையும் நம் பாட்டிமார் மறவார். ஒரே புயலில் வளர்ந்த இரு பெண்களுள் ஒருவர் துறவறத்திலும் மற்றவர் வியாபாரத்திலும் தங்கள் வழியைக் கண்டனர்.

இல்லறம்

பொன்சார்தேன் வீட்டாரைப் போலவே துணி வியாபாரம் செய்தவர் பிலிப் கிளிக்கோ. அவருக்குச் சொந்தமாகத் திராட்சைத் தோட்டங்களும் இருந்தன. துணியோடு சேர்த்துத் திராட்சை இரசத்தையும் விற்க எண்ணி 1772இல் அவர் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அவருடைய ஒரே மகன் பிரான்சுவாவுக்கும் பார்ப்-நிக்கோலுக்கும் 1798ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருமணம் நடந்தது. கோயில்களில் வழிபாடு தடைப்பட்டிருந்த காலமாதலால், நிலவறை ஒன்றில் குருவானவர் மறைவாக மந்திரித்து வைத்தார் என்று சொல்வர். மறுவருடம் கிளெமாந்தீன் என்னும் பெண்குழந்தை பிறந்தது. அதுவே அவர்களுடைய ஒரே பிள்ளை.

பிரான்சுவாவுக்குத் துணியைவிடத் திராட்சையிலேயே நாட்டம் அதிகம். தந்தையிடமிருந்து பொறுப்பை ஏற்று, இரச வியாபாரத்தை வெளிநாடுகளில் பெருக்க முயன்றார். லூயி போன் என்னும் ஜெர்மானியரை விற்பனையாளராக அமர்த்தி, ஊர் ஊராக அனுப்பினார். இளந்தம்பதியர் இருவரும் தோட்டம் தோட்டமாகச் சென்று, கொடிகளையும் ஆலைகளையும் பார்த்துத் தொழிலின் நுட்பங்களைக் கற்றனர். கணவர் கற்றதை மனைவியும் உடன் கற்றார். இதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னால் நேர்ந்தவை அனைத்துக்கும் அடித்தளம் இதுவே.

தலைமேல் விழுந்த இடி

1805ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிரான்சுவா காய்ச்சலில் விழுந்தார். சில நாட்களில் காலமானார். பார்ப்-நிக்கோலுக்கு வயது 27. மகளுக்கு வயது 6. ஒரே மகனைப் பறிகொடுத்த பெரியவர் பிலிப் மனமுடைந்து போனார். இனி யாருக்காக இந்த வியாபாரம் என்று எண்ணி, நிறுவனத்தை மூடிக் கணக்கைத் தீர்த்துவிட முடிவு செய்தார்.

நம் ஊரிலும் இது புதிதன்று. கடையோ பட்டறையோ நடத்திவந்த குடும்பத் தலைவர் திடீரென்று கண்மூடுகிறார். நாற்பதாம் நாள் பூசைக்கு முன்பே உறவினர் கூடிப் பேசுகின்றனர். கடையை விற்றுவிடுவோம், பொம்பிளை என்ன செய்வாள் என்கின்றனர். அந்தப் பேச்சில் அவளைக் கேட்பவர் இல்லை. ரேம்ஸ் நகரிலும் அன்று ஏறக்குறைய அவ்வாறே நடந்திருக்கும். ஆனால் அந்த இளம் கைம்பெண் மாமனாரிடம் சென்று, வியாபாரத்தை மூடவேண்டாம், தாமே நடத்துவதாகக் கேட்டுக்கொண்டார்.

பிலிப் கிளிக்கோ நினைத்திருந்தால் மறுத்திருக்கலாம். அவர் மறுக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்கவும் இல்லை. தம் பணத்தையும் முதலாகப் போட்டு, மருமகளும் போதிய முதல் போடவேண்டும், அனுபவமுள்ள அலெக்சாந்தர் ஃபூர்னோ என்னும் வியாபாரியோடு கூட்டுச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் தொழில் பழகவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அம்மையார் தம் சொத்தை முடக்கிக் கூட்டில் சேர்ந்தார். மகனை இழந்த துயரத்திலும் மருமகளின் திறமையை மதித்த அம்மாமனாருக்கு இவ்வரலாற்றில் பாதிப் பெருமை உண்டு.

சட்டமும் கைம்பெண்ணும்

அந்நாளைய சட்டத்தையும் ஒரு சிறிது அறிவது நல்லது. 1804இல் நெப்போலியன் ஏற்படுத்திய குடியியல் சட்டத்தின்படி மணமான பெண் கணவனின் சம்மதமின்றி ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. அதே சட்டம் 1819இல் நம் புதுச்சேரியிலும் நடைமுறைக்கு வந்தது. 1881இல் வந்த அரசாணையின்படி தங்கள் குலவழக்கத்தைத் துறந்து அச்சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களின் வழிவந்தோர் நம் பங்குகளில் பலர். பிரான்சில் மனைவியானவள் கணவனின் அனுமதியின்றி வேலைக்குச் செல்லவும், தன் பெயரில் வங்கிக் கணக்கு வைக்கவும் முழு உரிமை கிடைத்தது 1965இல்தான்.

கைம்பெண் நிலை வேறு. கணவன் இல்லாதபடியால் அவள் தன் பெயரிலேயே வியாபாரம் செய்யலாம், கடன் வாங்கலாம், கையெழுத்திடலாம். சமுதாயம் துயரச் சின்னமாகக் கருதிய அந்த நிலையே சட்டத்தின் கண்ணில் அவருக்குச் சுதந்திரம் ஆயிற்று. அம்மையார் பின்னர் 60 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சோதனைக் காலம்

தொடங்கிய வேளையோ நல்ல வேளையாக இல்லை. ஐரோப்பா முழுவதும் நெப்போலியனின் போர். ஆங்கிலேயர் கடலை அடைத்தனர்; நெப்போலியன் துறைமுகங்களை அடைத்தார். நம் புதுச்சேரியே அப்போது 1793 முதல் ஆங்கிலேயர் வசம் இருந்தது. 1806இல் ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்துக்கு அம்மையார் அனுப்பிய பெருஞ்சரக்கு அங்கேயே முடங்கிப் பெரும்பாலும் வீணாயிற்று. லூயி போன் குளிரிலும் பனியிலும் அலைந்தும் வாங்குவோர் அருகினர். நான்கு ஆண்டுகள் முடிந்தபோது இலாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 1810இல் ஃபூர்னோ கூட்டிலிருந்து விலகிக்கொண்டார்.

இப்போதாவது மூடிவிடுவார் என்று ஊரார் எதிர்பார்த்திருப்பர். அவரோ அதே 1810ஆம் ஆண்டில் தனியாக நிறுவனத்தைத் தொடர்ந்தார். பிறந்த வீட்டுப் பெயரையும் புகுந்த வீட்டுப் பெயரையும் சேர்த்து, முன்னால் கைம்பெண் என்ற சொல்லை வைத்து, வெவ் கிளிக்கோ-பொன்சார்தேன் என்று பெயரிட்டார். அந்நிறுவனத்தின் தக்கைகளில் நங்கூரச் சின்னம் பொறிக்கப்பட்டது. நங்கூரம் நம்பிக்கையின் அடையாளம் என்பதை ஆதிக் கிறிஸ்தவர்கள் ரோமாபுரி நிலத்தடிக் கல்லறைகளில் வரைந்த காலந்தொட்டுத் திருச்சபை அறியும். கப்பல் தடையில் சரக்கை இழந்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைத்திராது.

1811இல் வானத்தில் பெரிய வால்நட்சத்திரம் ஒன்று பல மாதங்கள் தெரிந்தது. அவ்வருடத்துத் திராட்சை அறுவடை மிகச் சிறப்பாக அமைந்தது. விளைந்ததை வாங்க ஆளில்லை. அம்மையார் அதனை மலிந்த விலைக்குத் தள்ளாமல் நிலவறையில் பூட்டி வைத்துக் காத்திருந்தார்.

10,550 புட்டிகள்

1814இன் தொடக்கத்தில் போர் ரேம்ஸ் நகருக்கே வந்தது. ருசியப் படையினர் நகருக்குள் புகுந்தனர். நிலவறைகளில் இருந்த இரசத்துக்கு ஆபத்து நேர்ந்தது. சிலவற்றைப் படைவீரர் குடித்தனர். ஆனால் அச்சுவையை அறிந்தவர்கள் ஊர் திரும்பியதும் அதையே கேட்பார்கள் என்பதை அம்மையார் கண்டுகொண்டார்.

ஏப்ரல் மாதத்தில் நெப்போலியன் பதவி துறந்தார். புட்டியில் அடைத்த பிரெஞ்சு மது ருசியாவுக்குள் வரக்கூடாது என்ற தடை இன்னும் நீங்கவில்லை. தடை நீங்கட்டும் என்று மற்ற வியாபாரிகள் காத்திருந்தனர். அம்மையாரோ இரகசியமாக ஒரு டச்சுக் கப்பலைப் பேசி அமர்த்தினார். ஆறு சகோதரர்கள் என்பது அதன் பெயர். 10,550 புட்டிகளை ரூவான் துறைமுகத்தில் ஏற்றி, லூயி போனையும் உடன் அனுப்பி, பால்டிக் கடற்கரையில் உள்ள கோனிக்ஸ்பெர்க் துறைமுகத்துக்குச் செலுத்தினார். இத்துறைமுகமே இன்றைய கலினின்கிராட். சரக்கு பிடிபட்டாலோ உடைந்தாலோ நிறுவனம் அத்தோடு முடிந்தது. கப்பல் போய்ச் சேருவதற்கும் வழி திறப்பதற்கும் சரியாக இருந்தது. 1811ஆம் வருடத்து இரசத்தைப் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். உடனே இரண்டாவது கப்பலும் புறப்பட்டது. மூடப்படவிருந்த வீட்டின் பெயர் சில ஆண்டுகளில் ருசிய அரசவை வரை எட்டியது. அதே 1814இல் ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாக 1816 டிசம்பரில் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது என்பதும் நம் நினைவுக்கு உரியது.

மேசையில் துளையிட்ட கதை

சரக்குக்குக் கேட்பு பெருகியபோது புதிய இடர் தோன்றியது. ஷாம்பேன் பொங்குவது எப்படி என்பதைச் சொன்னால் இது விளங்கும். கள்ளுக் கலயத்தில் நுரை பொங்குவதை நாம் கண்டிருக்கிறோம். திராட்சைச் சாறும் அவ்வாறே புளித்து இரசமாகிறது. அதனைப் புட்டியில் அடைத்துச் சிறிது சர்க்கரை சேர்த்து மூடினால், உள்ளேயே மறுபடி புளிக்கும். வெளியேற வழியில்லாத வாயு, கோலி சோடாவில் போல, உள்ளே அடைபட்டு நிற்கும். அழுத்தம் தாங்காமல் புட்டிகள் வெடிப்பதும் உண்டு. நிலவறைத் தொழிலாளர்கள் முகத்துக்கு இரும்புக் கவசம் அணிந்து வேலை செய்தனர்.

புளித்து முடிந்ததும் அடியில் வண்டல் தங்கும். அதை நீக்க, புட்டிக்குப் புட்டி மாற்றி ஊற்றினார்கள். அதனால் வாயுவும் போயிற்று, இரசமும் சிந்தியது, காலமும் வீணாயிற்று. கலங்கிய சரக்கை அனுப்ப அம்மையாருக்கு மனமில்லை. 1816ஆம் ஆண்டளவில் ஒரு மேசையை எடுத்து, புட்டியின் கழுத்து நுழையும்படி துளைகள் போடச் செய்து, புட்டிகளைத் தலைகீழாகச் செருகினார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு புட்டியையும் சிறிது அசைத்துத் திருப்பிவர, சில வாரங்களில் வண்டல் முழுவதும் இறங்கித் தக்கையின்மேல் வந்து தங்கியது. தக்கையைச் சட்டென்று திறந்தால் வண்டல் மட்டும் தெறித்து விழும். தெளிந்த இரசம் உள்ளே நிற்கும். நிலவறைத் தலைவர் அந்துவான் முல்லரின் துணையோடு இம்முறை செம்மைப்படுத்தப்பட்டது. பின்னர் இது ஊரெங்கும் பரவியது. இந்நாளில் இயந்திரங்கள் புட்டிகளைத் திருப்புகின்றன, தத்துவம் அதுவேதான்.

பெரிய படிப்போ ஆய்வுக்கூடமோ இதற்குத் தேவைப்படவில்லை. வீட்டு மேசை ஒன்றும், இப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடாத மனமும் போதுமாயிருந்தன.

குறைகளும் உண்டு

அம்மையாரிடம் குறையே இல்லை என்று நாம் எழுதினால் அது உண்மையாகாது. வியாபாரம் வளர்ந்ததும் 1822இல் வங்கி ஒன்றையும் நடத்தத் தொடங்கினார். தமக்குத் தெரிந்த தொழிலை விட்டுத் தெரியாத தொழிலில் கால்வைத்ததன் பலனை 1828இல் கண்டார். பாரிஸ் வங்கி ஒன்று நொடித்தபோது அவருடைய வங்கியும் சிக்கிக்கொண்டது. முழு வீடும் ஆட்டம் கண்டது. மகள் கிளெமாந்தீனை 1817இல் ஷெவிஞே என்னும் பிரபு குலத்தவருக்கு மணம் செய்து கொடுத்தார். மாப்பிள்ளை குலத்தால் உயர்ந்தவர்; செலவாளி. அவருடைய கைச்செலவுக்கு மாமியாரின் பெட்டி பலமுறை திறந்தது. பட்டம் பார்த்துப் பெண் கொடுத்தால் வருவது இது என்று நம் பெரியவர்கள் சொல்லமாட்டார்களா?

1828இல் அவரைக் காப்பாற்றியவர் மாப்பிள்ளை அல்லர். வெட்ஸ்லார் என்னும் ஜெர்மன் ஊரிலிருந்து 1821இல் சாதாரண ஊழியராக வந்து சேர்ந்த எடுவார் வெர்லே என்பவர், தம் சொந்தப் பொருளை ஈடாக வைத்துப் பணம் புரட்டி வீட்டை மீட்டார். அம்மையார் அதை மறக்கவில்லை. வங்கியைக் கைவிட்டு இரச வியாபாரத்திலேயே கருத்தைச் செலுத்தினார். 1831இல் வெர்லேயைக் கூட்டாளி ஆக்கினார். 1841இல் தாம் ஓய்வுபெற்றபோது நிர்வாகத்தை அவரிடமே ஒப்படைத்தார். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் செல்வத்தைக் கொடுத்தார். உழைத்தவருக்குத் தொழிலைக் கொடுத்தார். இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாமல் அழிந்த குடும்ப வியாபாரங்கள் எத்தனை!

இறுதி நாட்கள்

முதுமையில் பூர்சோ என்னும் சிற்றூரில் கட்டிய மாளிகையில் பேத்தி, கொள்ளுப்பேத்தியருடன் வாழ்ந்தார். 1866ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் தம் 88ஆம் வயதில் காலமானார். அவர் ஏற்றபோது மூடப்படவிருந்த வீடு, அவர் மறைந்தபோது ஆண்டுக்கு 7,50,000 புட்டிகள் அளவுக்கு விற்றுவந்ததாகக் கணக்கிடுவர்.

அவருக்குப் பின் வெர்லேயின் வழியினர் தொழிலை நடத்தினர். மஞ்சள் சீட்டு 1877இல் முறையாகப் பதிவு செய்யப்பட்டது. இப்போது அந்நிறுவனம் குடும்பத்தின் கையில் இல்லை. எல்விஎம்எச் என்னும் பெரு நிறுவனத்துக்குச் சொந்தம். 2010இல் பால்டிக் கடலில், பின்லாந்து நாட்டைச் சேர்ந்த ஓலண்ட் தீவுகளுக்கு அருகே, மூழ்கிய பழைய கப்பல் ஒன்றிலிருந்து 168 ஷாம்பேன் புட்டிகளை எடுத்தனர். ஏறக்குறைய 170 ஆண்டுகள் கடலடியில் கிடந்தவை அவை. அவற்றுள் சிலவற்றின் தக்கையில் நங்கூரச் சின்னம் இருந்தது. அம்மையார் உயிரோடிருந்தபோது அனுப்பிய சரக்கு என்பதற்கு அதுவே சான்றாயிற்று. 2015இல் ஷாம்பாஞ் பகுதியின் திராட்சைச் சரிவுகளும் நிலவறைகளும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

நமக்கு இதில் என்ன?

ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில் நம் பங்கின் கைம்பெண்களை நாம் நினைக்கிறோம். அதிகாலைப் பூசைக்கு முதலில் வந்து கடைசியில் போகிறவர்கள் அவர்கள். பீடத்துக்குப் பூக்கட்டுகிறவர்கள் அவர்கள். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் கண்டார் என்று பிரசங்கத்தில் கேட்கிறோம்; சரெப்தா ஊர்க் கைம்பெண்ணின் எண்ணெய்க் கலயம் வற்றவில்லை என்று வாசிக்கிறோம். கேட்டுவிட்டு, வீட்டு விசேஷத்தில் அவர்களை முன்வரிசைக்கு அழைக்கத் தயங்குகிறோம். இத்தயக்கம் சுவிசேஷத்திலிருந்து வந்ததன்று.

மதாம் கிளிக்கோவின் வாழ்வைத் திரும்பப் பார்த்தால் மூன்று காரியங்கள் அவரைத் தூக்கி நிறுத்தின. கணவர் இருந்தபோதே அவர் தொழிலைக் கற்றிருந்தார். ஆகவே நம் பங்கிலே கடையும் பட்டறையும் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரவு செலவும், கொடுக்கல் வாங்கலும், பத்திரம் இருக்குமிடமும் உங்கள் மனைவிமாருக்குத் தெரிந்திருக்கட்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். இரண்டாவது, அவரை நம்பிய ஒரு பெரியவர் இருந்தார். மாமனார் மாமியாரே, கொழுந்தனாரே, துக்க வீட்டில் கூடிப் பேசும்போது, அவளையும் நடுவில் உட்காரவைத்து அவள் விருப்பத்தைக் கேளுங்கள். மூன்றாவது, கற்றுக்கொள்ள அவருக்கு நான்கு ஆண்டு அவகாசம் கிடைத்தது. முதல் நஷ்டத்திலேயே அவளால் முடியாது என்று தீர்ப்பிட யாரும் முந்தவில்லை.

அம்மையார் விற்ற பொருள் நம் வீடுகளுக்குத் தேவையானதன்று. அவருடைய உறுதி தேவையானது. மதுவினால் கணவனை இழந்து நிற்கும் சகோதரிகளும் நம் நடுவே உண்டு என்பதை மறவாமலேயே இதைச் சொல்லுகிறோம். அவர்களுக்கே இந்த உறுதி முதலில் தேவை. அவர்களுக்கே நம் கைத்துணையும் முதலில் உரியது. தையல் இயந்திரமோ, சிற்றுண்டிக் கடையோ, சிறு முதலோ எதுவாயினும், ஜூபிலி நினைவாக நம் பங்கு இவர்களுள் ஒருவரையாவது சொந்தக் காலில் நிற்கச் செய்யுமானால், கோயிலுக்குப் புது மணி வாங்கி மாட்டியதற்கு அது குறைந்ததாகாது.

கானாவூரில் இரசம் தீர்ந்ததை முதலில் கண்டுகொண்டவர் நம் தேவ அன்னை. நம் பங்கிலே எந்த வீட்டில் எது தீர்ந்துபோயிற்று என்பதைக் கண்டுகொள்ளும் கண்களை அவ்வன்னை நமக்கும் பெற்றுத்தருவாராக! கணவரை இழந்தும் நம்பிக்கையை இழக்காத நம் சகோதரிகள் அனைவரையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!